பெட்டி தூக்குபவருக்குக் கொடுப்பது கூலியா, டிப்ஸா? சொகுசுக் கப்பல் ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கப்பல் சுற்றுலா இப்போது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. கொச்சித் துறைமுகத்தில் 'சாகரிகா' என்ற கப்பல் பயணிகள் முனையம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு 'குரூஸ் பாரத் மிஷன்' என்ற திட்டத்தையும் தொடங்கியது.

டிக்கெட், விசா, கேபின் வகை, சாப்பாடு என எல்லாவற்றையும் யூடியூப் பார்த்தே தெரிந்துகொண்டு கிளம்பும் பயணிகளும் ஓர் இடத்தில் தடுமாறுகிறார்கள். துறைமுக வாசலில் கார் நின்றதும் ஒருவர் வந்து பெட்டிகளை வாங்கி வண்டியில் அடுக்குகிறார். அவருக்குப் பணம் கொடுக்கணுமா? எவ்வளவு? கொடுக்கலேன்னா பெட்டி கேபினுக்கு வந்து சேருமா?

பதில், அந்தப் பெட்டியைத் தூக்குபவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரே பெட்டி, மூன்று கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருந்து ஒரு குடும்பம் கப்பல் பயணத்துக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் முட்டத்திலும் குளச்சலிலும் இருப்பவை மீன்பிடித் துறைமுகங்கள். சுற்றுலாக் கப்பல் ஏற சென்னைக்கோ கொச்சிக்கோ போகணும். அதற்கு நாகர்கோவில் ஜங்ஷனிலோ இரணியலிலோ ரயில் பிடிக்க வேண்டும். சிங்கப்பூர், துபாய் போய் அங்கே கப்பல் ஏறுவதென்றால் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் பக்கம்.

இந்த வழி நெடுக அவர்களின் பெட்டியைத் தொடுபவர்கள் மூன்று வகை:

* ரயில் நிலையப் போர்ட்டர். பயணி கொடுப்பதுதான் இவருடைய வருமானம். இவருக்குக் கொடுப்பது கூலி.
* துறைமுக வாசல் போர்ட்டர். முனையத்தை நடத்தும் நிறுவனமோ சரக்கு கையாளும் நிறுவனமோ இவருக்குச் சம்பளம் தருகிறது. இவருக்குக் கொடுப்பது டிப்ஸ்.
* கப்பல் ஊழியர். பெட்டியைக் கேபின் வாசலில் வைப்பவர், அறையைச் சுத்தம் செய்பவர் போன்றவர்கள். இவர்களுக்கானது பெரும்பாலும் பயணியின் பில்லிலேயே கட்டணமாக ஏறிவிடுகிறது.

மூன்றையும் 'டிப்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

சிவப்புச் சட்டைக்காரர் ரயில்வே ஊழியரா?

சிவப்புச் சட்டை, கையில் பித்தளைப் பில்லை. பார்த்தால் ரயில்வே ஊழியர் போலத்தான் தெரியும். ஆனால் ரயில்வே இவருக்குத் தருவது உரிமம் மட்டும்தான். பயண பாஸ் போன்ற சில சலுகைகள் உண்டு. மாதச் சம்பளமோ பென்ஷனோ கிடையாது.

கட்டணத்தை நிர்ணயிப்பதும் ரயில்வேதான். நிலையத்தில் பலகையிலும் எழுதி வைத்திருக்கும். பொதுவாக 40 கிலோ வரை ஒரு சுமை, ஒரு நடை என்று கணக்கு. காத்திருக்க வைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு 20 கிலோ பெட்டி என்றால் மொத்தம் 80 கிலோ. அதாவது இரண்டு சுமை. "போர்டுல ஒரு ரேட்டு போட்டிருக்கு, இவரு ரெட்டிப்பா கேக்காரு" என்று கிளம்பும் சண்டைகளில் பல, இந்தக் கணக்கு தெரியாததால் வருபவை. பலகையில் உள்ளதைவிடக் கூடுதலாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது விதிமீறல். பில்லை எண்ணைக் குறித்துக்கொண்டு நிலைய மேலாளரிடமோ 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.

ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள்?

1972இல் அமெரிக்காவின் பெர்னார்ட் சாடோ என்பவர் சக்கரம் வைத்த சூட்கேஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, நிமிர்த்தி வைத்து இழுக்கும் நீளக் கைப்பிடிப் பெட்டியை உருவாக்கினார். இன்று இந்தியாவில் எந்தப் பிளாட்பாரத்தில் பார்த்தாலும் அந்த வடிவம்தான். கூடவே லிப்ட், எஸ்கலேட்டர், பேட்டரி கார் எல்லாம் வந்துவிட்டன.

பயணிகளுக்கு இது பெரிய வசதி. போர்ட்டருக்கோ சுமை குறைந்துவிட்டது. நடைக்கு இவ்வளவு என்ற கட்டணம் அப்படியே இருக்க, ஒரு நாளில் கிடைக்கும் நடைகளின் எண்ணிக்கை மட்டும் இறங்குகிறது. இரண்டு ரயில்களுக்கு நடுவே சும்மா காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அந்த நேரத்தின் செலவையும் கிடைத்த ஒரு சுமையிலேயே எடுக்கப் பார்க்கும்போது பேரம் முற்றுகிறது.

அரசும் இதை அவ்வப்போது தொட்டிருக்கிறது. 2008 ரயில்வே பட்ஜெட்டில் அப்போதைய அமைச்சர் லாலு பிரசாத், உரிமம் பெற்ற போர்ட்டர்களுக்குத் தண்டவாளப் பராமரிப்பு போன்ற பணிகளில் வேலை தரப்படும் என்று அறிவித்தார். பலர் அப்படி ரயில்வே ஊழியர்கள் ஆனார்கள். மீதமிருந்தவர்களும் பிறகு வந்தவர்களும் பழைய முறையிலேயே தொடர்கிறார்கள். 2023 செப்டம்பரில் ராகுல் காந்தி டெல்லி ஆனந்த் விஹார் நிலையத்தில் சிவப்புச் சட்டை அணிந்து போர்ட்டர்களைச் சந்தித்தபோது இந்தக் கோரிக்கை மறுபடியும் செய்தியானது.

இடையில் பெயரும் மாறியது. 2016 ரயில்வே பட்ஜெட்டில் சுரேஷ் பிரபு, 'கூலி' என்று அழைப்பதை விட்டு 'சகாயக்' என்று அழைக்கலாம் என்றார். கூலி என்றால் தமிழில் வேலைக்கான பணம். அந்தப் பணத்தின் பெயராலேயே ஆளையும் கூப்பிட்டு வந்ததை மாற்றியது நல்லதுதான். ஆனால் 'சகாயம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பயன்பாடும் உண்டு: 'சகாய விலை'. பெயர் மாறிய பிறகும் பயணிகள் பலர் எதிர்பார்ப்பது அதைத்தான்.

கேரளத்துக்குள் போனால் 'நோக்குக்கூலி' கேட்பார்களா?

குமரி மாவட்டக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்கள் இவை. 'நோக்கு' என்றால் பார்ப்பது. சுமையைத் தொடாமல், வேறு ஆளோ இயந்திரமோ இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்கப்படும் பணம்தான் நோக்குக்கூலி.

கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களின் வேலையையும் கூலியையும் பாதுகாக்க 1978இல் தனிச் சட்டம் வந்தது. சங்கங்களின் பலத்தால் கூலி உயர்ந்தது. அதன் ஓரத்தில் வளர்ந்த பழக்கம்தான் இது. 2018 மே 1 முதல் கேரள அரசு நோக்குக்கூலியைத் தடை செய்தது. அப்படியும் 2021 செப்டம்பரில், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு இயந்திரம் ஏற்றி வந்த லாரியை மறித்துப் பணம் கேட்டது பெரும் சர்ச்சை ஆனது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், இந்தப் பழக்கத்தை மிரட்டிப் பணம் பறிப்பதாகவே கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கண்டிப்புடன் சொன்னது.

கையில் சூட்கேஸோடு ரயிலிலோ விமானத்திலோ போகும் பயணி இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வீடு மாற்றுபவர்களும் கட்டடம் கட்டுபவர்களும்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். விமான நிலையத்தில் தள்ளுவண்டி இலவசம். ஆள் வேண்டுமென்றால் பணம் கட்டி முன்பதிவு செய்யும் சேவை தனியாக உண்டு.

ஆனால் நோக்குக்கூலி விவகாரத்தில் இருந்து பயணிகள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பணம் கேட்கும் எவரிடமும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். வேலை நடந்ததா? விலை முன்கூட்டியே தெரியுமா? 'வேண்டாம்' என்று சொல்ல வழி இருந்ததா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அது நியாயமான கூலி. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

துறைமுக வாசலில் என்ன நடக்கும்?

பெரிய கப்பல்களில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் ஏறுவார்கள். எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டே ஏறினால் வரிசை நகராது. அதனால் பயணத்துக்கு முன்பே கேபின் எண் அச்சிட்ட அட்டையை அனுப்பிவிடுவார்கள். அதைப் பெட்டியில் கட்டி வாசலில் ஒப்படைக்க வேண்டும். பெட்டி எக்ஸ்ரே சோதனைக்குப் போய், சில மணி நேரம் கழித்து கேபின் வாசலுக்கு வரும்.

வாசலில் பெட்டி வாங்குபவர் பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் ஆள் இல்லை. பயணி கப்பலுக்குக் கட்டும் 'கிராஜுவிட்டி' எனப்படும் சேவைத் தொகையில் இவருக்குப் பங்கு கிடையாது. 'அதான் டிப்ஸ் எல்லாம் முன்னாடியே கட்டியாச்சே' என்ற வாதம் இவர் விஷயத்தில் பொருந்தாது. அதே சமயம், இவருக்குச் சம்பளம் உண்டு என்பதால் கொடுத்தே ஆகணும் என்ற கட்டாயமும் இல்லை.

வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும்:

* அமெரிக்கா: டிப்ஸ் எதிர்பார்ப்பு அதிகம் உள்ள நாடு. ஒரு பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர் கொடுப்பது வழக்கம். கிழக்குக் கரைத் துறைமுகங்களில் இந்தப் போர்ட்டர்களில் பலர் ஐ.எல்.ஏ. என்ற துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கம் பேசி முடிவு செய்த சம்பளம் அவர்களுக்கு உண்டு.
* பிரிட்டன்: எதிர்பார்ப்பு குறைவு. விருப்பப்பட்டால் ஒன்றிரண்டு பவுண்டு.
* துபாய்: சில திர்ஹாம்கள் கொடுப்பவர்கள் உண்டு. கட்டாயமில்லை.
* சிங்கப்பூர்: டிப்ஸ் வழக்கம் இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.
* ஜப்பான்: கொடுத்தால்தான் சங்கடம். நன்றி சொன்னால் போதும்.
* இந்தியா: எழுதி வைத்த விதி இல்லை. ஹோட்டலில் பெட்டி கொண்டுவருபவருக்குக் கொடுப்பதுபோல 50, 100 ரூபாய் கொடுப்பவர்கள் உண்டு.

கொடுக்காவிட்டால் பெட்டி வராதா?

வரும். பெட்டியைக் கேபினில் சேர்ப்பது டிக்கெட்டில் அடங்கிய சேவை. டிப்ஸ் கொடுத்த பெட்டிக்குத் தனி வரிசை, கொடுக்காத பெட்டிக்குத் தனி வரிசை என்று எதுவும் இல்லை. பெட்டி தாமதமாவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும்: அட்டை கிழிந்து போவது, கேபின் எண் தவறாக இருப்பது, உள்ளே தடை செய்யப்பட்ட பொருள் இருப்பது. துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸைப் பல கப்பல்களில் அனுமதிப்பதில்லை. அது எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியை எடுத்து வைத்துவிடுவார்கள்.

'முதலில் பணம், பிறகு வேலை' என்று யாராவது சொன்னால் அது டிப்ஸே இல்லை. இந்தியாவில் இதே கேள்வி வாடகைக் கார் செயலிகளில் எழுந்தது. பயணத்துக்கு முன்பே 'அட்வான்ஸ் டிப்' கேட்பது தொடர்பாக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபர் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. டிப்ஸ் என்பது சேவை முடிந்த பிறகு, திருப்தியாக இருந்தால் கொடுப்பது என்று அமைச்சர் பிரஹலாத் ஜோஷி அப்போது விளக்கினார். கப்பல் வாசலுக்கும் இது பொருந்தும்.

கப்பலுக்குள் ஏறும் பெரிய தொகை

வாசலில் கொடுக்கும் 2 டாலரைப் பற்றி யோசிப்பவர்கள் பலர், கப்பலுக்குள் தானாகவே பில்லில் சேரும் தொகையைக் கவனிப்பதில்லை. அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் கப்பல்களில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கிராஜுவிட்டி பிடிக்கப்படுகிறது. 18 டாலர் என்று வைத்தாலும், நான்கு பேர் 7 நாள் பயணத்துக்கு 504 டாலர். நம்ம பணத்தில் 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பல நிறுவனங்களில் குழந்தைகளுக்கும் இதே தொகைதான்.

இதை மறுக்க முடியுமா? இந்திய ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டுக் கப்பல்களில் பயண ஒப்பந்தத்தின் நிபந்தனைகள்தான் பேசும். சில நிறுவனங்கள், கப்பலில் உள்ள சேவை மேசையில் கேட்டால் இந்தத் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ அனுமதிக்கின்றன.

ஆனால் அதை நீக்கினால் அடி விழுவது நிறுவனத்துக்கு அல்ல. கேபின் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர் போன்றவர்களின் வருமானத்தில் இந்தத் தொகை பெரும் பங்கு. நிறுவனம் கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணியின் தலையில் கட்டும் ஏற்பாடு இது என்ற விமர்சனம் நியாயமானது. அந்தக் கோபத்தை ஊழியரின் பங்கை வெட்டித் தீர்த்துக்கொள்வது நியாயமாகாது. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இருந்து வளைகுடாவுக்கும் கப்பல் வேலைக்கும் போனவர்கள் ஏராளம். மாதாமாதம் வீட்டுக்கு வரும் பணத்தில் இப்படி எத்தனையோ சின்னச் சின்னத் தொகைகள் கலந்திருக்கும் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும்.

வாங்கிய டிப்ஸ் ஊழியருக்கு முழுதாகப் போகிறதா என்பது இன்னொரு கேள்வி. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள சட்டம், டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே பிரித்துக் கொடுக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் டிப்ஸுக்கென்று இப்படித் தனிச் சட்டம் இல்லை.

பேரம் யாரிடம் நடக்கிறது?

மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். கப்பலில் பில்லோடு வரும் 504 டாலரை, கார்டைத் தேய்த்துவிட்டு யாரும் பேசாமல் வந்துவிடுகிறார்கள். துறைமுக வாசலில் 'என்ன நினைப்பாங்களோ' என்ற கூச்சத்திலேயே நோட்டை நீட்டிவிடுகிறார்கள். ரயில் நிலையத்தில்தான் பத்து இருபது ரூபாய்க்குப் பேரம் நடக்கிறது. மூவரில் சம்பளமே இல்லாதவர் அங்கே நிற்பவர்தான்.

அச்சிட்ட பில்லுக்கும் யூனிஃபார்முக்கும் கிடைக்கும் மரியாதை, வாயால் சொல்லப்படும் கூலிக்குக் கிடைப்பதில்லை. ரயில்வேயும் இதற்குப் பொறுப்பு. கட்டணப் பலகை கண்ணில் படும் இடத்தில் இருந்து, விலைவாசிக்கு ஏற்ப அந்தக் கட்டணம் ஒழுங்காகத் திருத்தப்பட்டால் பாதிச் சண்டை பிளாட்பாரத்துக்கே வராது. பணம் யூபிஐ வழியாகவும் வாங்கப்பட்டால் 'சில்லறை இல்ல' என்ற சாக்கும் இரு பக்கமும் இருக்காது.

பயணத்துக்கு முன் ஒரு சின்ன பட்டியல்

* ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "அண்ணாச்சி, இவ்வளவு சாமானுக்கு எவ்வளவு ஆவும்?" மொத்த எடையையும் சொல்லுங்கள். பலகையில் உள்ள கட்டணத்துக்குக் கீழே பேரம் வேண்டாம். மேம்பாலம் ஏறி இறங்கியிருந்தால், பெட்டி கனமாக இருந்தால், அதற்கு மேல் கொடுப்பதுதான் டிப்ஸ்.
* உள்ளூர் பணத்தில் சின்ன நோட்டுகளை விமான நிலையத்திலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாசலில் 100 டாலர் நோட்டுக்குச் சில்லறை கிடைக்காது.
* பாஸ்போர்ட், மாத்திரை, நகை, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வர மாலைகூட ஆகலாம்.
* பயண ரசீதில் 'கிராஜுவிட்டி' அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்ற வரி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் அது கப்பலில் பிடிக்கப்படலாம். அந்தத் தொகையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.
* இறங்கும் நாளிலும் இதே கணக்குதான். முந்தைய இரவு கேபின் வாசலில் வைத்த பெட்டி மறுநாள் முனையத்தில் இருக்கும். கார் வரை தள்ளிக்கொண்டு வர ஆள் உதவினால் கொடுக்கலாம். நீங்களே இழுத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.
* கையில் சில்லறை இல்லையென்றால் நேராகச் சொல்லி நன்றி சொல்லுங்கள். துறைமுகப் போர்ட்டர் விஷயத்தில் அது போதும். ரயில் நிலையத்தில் போதாது. அங்கே வேலை முடிந்தால் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.